அப்பாவோட ரிப்போர்ட் ரொம்ப நல்லா இருந்துச்சு, அதான் பிரச்சனை

நான் கிருஷ்ணகிரியில ஒரு லேப்ல டெக்னீஷியன். பதினெட்டு வருஷமா இதே வேலைதான், காலையில ஆறரைக்கு ஷட்டரை தூக்கும்போதே படிக்கட்டுல நாலஞ்சு பேரு வெறும் வயித்தோட எதிர்த்த டீக்கடைய ஏக்கமா பாத்துக்கிட்டு உக்காந்திருப்பாங்க. சுகர், தைராய்டு, கொழுப்பு எல்லாம் என்னன்னு இப்ப எல்லாருக்கும் தெரியும், ரிப்போர்ட்டை வாங்குன உடனே அவங்களே படிச்சு அவங்களே தீர்ப்பும் சொல்லிக்குவாங்க. ஆனா கொரோனாவுக்கு அப்புறம் ஃபுல் பாடி செக்கப்னு பேக்கேஜ் பேக்கேஜா வந்துச்சு பாருங்க, அதுல ஹெச்.எஸ். சி.ஆர்.பி.ன்னு ஒண்ணை சேத்துவுட்டாங்க. அது கொஞ்சம் கூட இருந்தா அந்த நம்பர் மட்டும் கொட்டை எழுத்துல பிரிண்ட் ஆகும், அவ்ளோதான், மறுநாள் காலையில ஆளு கவுண்டர்ல நிப்பாரு. "ஏம்மா, காய்ச்சல் இல்ல சளி இல்ல, இது மட்டும் ஏன் இப்புடி கருப்பா இருக்கு?"

"உடம்புல எங்கயோ லேசா இன்ஃப்ளமேஷன் இருக்குங்க, டாக்டர்கிட்ட காட்டுங்க." இதான் என் பதில். கிளிப்புள்ள மாதிரி சொல்லிட்டிருந்தேன். எங்கப்பா விஷயத்துல நல்லா அடி வாங்குன பிறகுதான் அந்த பதில் எவ்ளோ அரைகுறைன்னு உறைச்சுது. அதை எழுதணும்னு ரொம்ப நாளா நினைச்சிட்டிருக்கேன், கொஞ்சம் நீளமாத்தான் போகும்.

மொதல்ல அந்த நம்பர் என்னன்னு சொல்லிடறேன். சி.ஆர்.பி.ங்கிறது கல்லீரல் செய்யுற ஒரு புரோட்டீன். 1930-ல நியூயார்க்ல ராக்ஃபெல்லர் ஆராய்ச்சி நிலையத்துல டில்லெட், பிரான்சிஸ்னு ரெண்டு பேரு நிமோனியா வந்தவங்க ரத்தத்துல இதை கண்டுபிடிச்சாங்க. உடம்புல எங்க அடிபட்டாலும் கிருமி புகுந்தாலும் அங்க இருக்கிற எதிர்ப்பு செல்லுங்க ஐ.எல்-6ன்னு ஒரு தந்தியை ரத்தத்துல அனுப்பும், கல்லீரல் அதை படிச்சுட்டு சி.ஆர்.பி.யை கொட்டும். நிமோனியா ஆளுக்கெல்லாம் 100, 200ன்னு நாங்க சர்வ சாதாரணமா பாக்குறோம், நோய் அடங்கிட்டா சுமார் 19 மணி நேரத்துக்கு ஒருக்கா பாதி பாதியா இறங்கிடும். கூரை பத்திக்கிச்சு, ஊரே குடத்தோட ஓடியாந்துச்சு, அணைஞ்சுது, எல்லாரும் வீட்டுக்கு போயாச்சு, அந்த மாதிரி. ஹெச்.எஸ்.ங்கிறது அதே புரோட்டீன்தான், ஆனா 1, 2, 3ன்னு தரையோட தரையா இருக்கிற அளவை நுணுக்கி பாக்குற டெஸ்ட். லிட்டருக்கு 1 மி.கி.க்கு கீழ இருந்தா இதய ரிஸ்க் கம்மி, 1-லருந்து 3 நடுத்தரம், 3-க்கு மேல அதிகம்னு 2003-ல அமெரிக்காவுல போட்ட கணக்கைத்தான் இன்னைக்கும் ரிப்போர்ட் அடியில சின்ன எழுத்துல அடிச்சு குடுக்குறோம். 10-ஐ தாண்டிச்சுன்னா ஏதோ புதுசா நடக்குது, சளியோ புண்ணோ, ரெண்டு வாரம் கழிச்சு திரும்ப எடுத்து பாக்கணும்.

அந்த 3, 4, 5 வருது பாருங்க, அங்கதான் கதையே. எங்க ஆயா வீட்டு அடுப்பை பாத்தவங்களுக்கு சட்டுனு புரியும். ராத்திரி களி கிண்டி முடிச்சதும் கங்கை சாம்பலால மூடி வெச்சிரும், மேல பாத்தா வெறும் வெள்ள சாம்பல், பூனை வந்து சுருண்டு படுத்துக்கும், அவ்ளோ சாதுவா இருக்கும். காலையில ரெண்டு சோளத்தட்டை சொருவி ஊதுகுழாயால ஊதுனா குப்புனு புடிச்சுக்கும். நீறு பூத்த நெருப்புன்னு இதைத்தான் சொன்னாங்க. வயசான உடம்புல இருக்கிறதும் அதேதான், காய்ச்சல் கிடையாது, செவப்பு கிடையாது, வலி கூட பாதி பேருக்கு கிடையாது, உள்ள கங்கு மட்டும் அணையாம கெடக்குது. பாடபுஸ்தகத்துல அழற்சின்னு போட்டிருப்பாங்க, அழல்னா நெருப்பு, யாரு வெச்ச பேரோ தெரிஞ்சுதான் வெச்சிருக்காங்க. 2000-ல இத்தாலிக்காரர் கிளாடியோ ஃபிரான்செஸ்கி இதுக்கு "இன்ஃப்ளமேஜிங்"னு பேரு வெச்சாரு, இன்ஃப்ளமேஷனையும் ஏஜிங்கையும் ஒட்டவெச்ச வார்த்தை.

எங்கப்பாவுக்கு வருவோம். பாலக்கோடு பக்கம் கிராமம், எழுபத்தொண்ணு வயசு, ஆயுசு பூரா தக்காளிதான். கிரேடு தூக்கி தூக்கி முட்டி போச்சு, நானும் தம்பியும் சொல்லி சொல்லி நாலு வருஷத்துக்கு முன்னாடிதான் நிறுத்துனாரு, நிறுத்துன உடனே தொப்பை போட்டுச்சு. பீடிய விட்டுட்டாருன்னு அம்மா சொல்லும், அம்மா இல்லாதப்ப அவரு வேற சொல்லுவாரு. போன வருஷம் பொங்கலுக்கு ஊருக்கு போனப்ப நானே மஞ்ச மூடி ட்யூப்ல ரத்தம் எடுத்துட்டு வந்து போட்டு பாத்தேன், ஹெச்.எஸ். சி.ஆர்.பி. 4.3. மூணு வாரம் கழிச்சு திரும்ப எடுத்தா 4.6. சுகர் மூணு மாச சராசரி 6.3, அதாவது வாசப்படியில நிக்குது, இன்னும் உள்ள வரல. டாக்டர் பாத்துட்டு நடங்க, எடைய குறைங்க, பல்லை காட்டுங்கன்னாரு. பல்லா? மூட்டுக்கு வந்தா பல்லை காட்ட சொல்றாரேன்னு அப்பாவுக்கு அந்த டாக்டர் மேல இருந்த மரியாதையே போயிருச்சு.

ஆறு மாசம் கழிச்சு ஆடியில திரும்ப எடுத்தேன். 0.4.

எனக்கு தலைகால் புரியல. லேப்ல கூட வேலை செய்யுற பொண்ணுங்ககிட்ட ரிப்போர்ட்டை காட்டி "எழுபத்தொரு வயசு ஆளோட சி.ஆர்.பி. பாருங்கடி"ன்னு பெருமையடிச்சேன். முட்டி வலி சுத்தமா போச்சு, மாடிப்படி ஏறுறாரு, ஊர்ல பாக்குறவங்கல்லாம் "பெரியவருக்கு உடம்பு தேறிடுச்சு, மொகத்துல தேஜஸ் வந்துருச்சு"ங்கிறாங்க. அந்த வாரம் அவருக்கு சுகர் எடுக்க மறந்துட்டேன். மறந்தேன்னு சொல்றதை விட, நம்பர் நல்லா இருக்கவும் மத்ததை பாக்க தோணல, அதான் உண்மை.

புரட்டாசியில போனப்ப மொகம் பூரி மாதிரி உப்பியிருக்குது. வயிறு பெருசா, கையும் காலும் குச்சியா. முன்னங்கையில அங்கங்க ஊதா திட்டு, "எங்கப்பா இடிச்சுக்கிட்ட?"ன்னா "எங்கயும் இல்ல பாப்பா, சும்மாவே கன்னிப்போவுது"ங்கிறாரு. அங்கயே குளுக்கோமீட்டர்ல குத்துனா 286. அப்பதான் அம்மா சமையக்கட்டு மாடத்துலருந்து ஒரு பாக்கெட்டை எடுத்துட்டு வந்துச்சு. சந்தையில வண்டி போட்டு மைக்ல கூவி வித்த மூட்டுவலி பொடி, பாக்கெட் 250 ரூபா, மேல பச்சையா ரெண்டு எல படம், உள்ள என்ன இருக்குன்னு ஒரு எழுத்து கிடையாது, தயாரிச்சவன் விலாசமும் கிடையாது. காலையும் ராத்திரியும் ஒரு சிட்டிகை வெந்நீர்ல. மூணு நாள்ல வலி போயிருச்சாம். மூணே நாள்ல! எந்த மூலிகைடா மூணு நாள்ல முப்பது வருஷ தேய்மானத்தை சரி பண்ணும்னு யாராவது ஒருத்தர் கேட்டிருந்தா போதும், அந்த யாராவது ஒருத்தர் நானா இருந்திருக்கணும்.

மறுநாள் காலையில எட்டு மணிக்கு கார்டிசால் எடுத்தோம். கார்டிசால்ங்கிறது நம்ம சிறுநீரகத்துக்கு மேல தொப்பி மாதிரி உக்காந்திருக்கிற அட்ரினல் சுரப்பி தினம் விடியக்காலையில சுரக்குற ஹார்மோன், உடம்போட சொந்த ஸ்டீராய்டு. காலை நேரத்துல 5-க்கு மேலயாவது இருக்கணும், அப்பாவுக்கு 1.8. அந்த பொடி வழியா வெளியிலருந்து ஸ்டீராய்டு வந்துக்கிட்டே இருக்கவும், "எதுக்கு நான் வேற"ன்னு சுரப்பி வேலைய நிறுத்திட்டு தூங்கியிருக்கு. பொடியை தனியா டெஸ்ட் பண்ணாம கோர்ட்டுல நிரூபிக்க முடியாது, ஆனா ரத்தம் சொல்லுதுன்னாரு டாக்டர். அம்மா கோவத்துல பாக்கெட்டை எடுத்து சாக்கடையில கொட்டப்போச்சு, டாக்டர் அதுக்கும் ஒண்ணு சொன்னாரு, இதை படிக்கிறவங்க இந்த ஒரு வரிய மட்டுமாவது ஞாபகம் வெச்சுக்குங்க: இந்த மாதிரி பொடிய மாசக்கணக்குல சாப்ட்டவங்க திடீர்னு சொந்தமா நிறுத்தக்கூடாது. சுரப்பி தூங்குது, வெளிவரத்தும் நின்னுட்டா பி.பி. சரசரன்னு இறங்கி உயிருக்கே ஆபத்து. டாக்டர் அதே வகை மாத்திரைய அளந்து குடுத்து, மாசக்கணக்குல கொஞ்சம் கொஞ்சமா குறைச்சுத்தான் நிறுத்துனாரு.

ஆக அந்த அழகான 0.4 என்னன்னா, ஸ்டீராய்டு வாயில துணிய அடைச்சு வெச்சதால வந்த அமைதி. தந்தி அடிக்கிறவனையே கட்டிப்போட்டாச்சு, அப்புறம் கல்லீரலுக்கு எப்படி தெரியும்? கங்கு அணைஞ்சுதான்னா அதுவும் இல்ல, விறகு அப்படியே இருக்கு, இன்னும் கூடிப்போச்சு, தொப்பையும் சுகரும் ஏறியிருக்கே.

விறகுன்னு எதை சொல்றேன்னா, அப்பா மாதிரி ஒரு ஆளுக்கு பல எடத்துலருந்து வருது. வயசான செல்லுங்க சிலது பிரியவும் மாட்டேங்குது சாகவும் மாட்டேங்குது, சும்மா உக்காந்துக்கிட்டு சுத்தியிருக்கிற நல்ல செல்லையும் சேத்து உசுப்பிவிடுற கெமிக்கலா கக்கிட்டிருக்கும். அரசமரத்தடியில உக்காந்து வர்றவன் போறவன் எல்லாருக்கும் பஞ்சாயத்தை கிளப்பிவுடுற பெருசுங்க மாதிரின்னு வெச்சுக்கோங்க. வயித்துக்குள்ள குடலை சுத்தி இருக்கிற கொழுப்பு அடுத்தது, தோலுக்கடியில இருக்கிற கொழுப்பு மாதிரி அது சோம்பேறி இல்ல, ஐ.எல்-6, டி.என்.எஃப்.னு நாள் பூரா தந்தி அடிச்சிட்டிருக்கும். இந்த டி.என்.எஃப். இன்சுலினை வேலை செய்யவிடாம தடுக்குதுன்னு 1993-லயே எலியில காட்டிட்டாங்க, சுகர் வர்றதுக்கு இதுவும் ஒரு வழி. ரத்தக்குழாய்ல கொழுப்பு படியுறதுன்னா பைப்புல உப்பு படியுற மாதிரின்னு நானே எத்தனையோ பேருக்கு சொல்லியிருக்கேன், அது தப்பு, அது உயிருள்ள புண்ணு, எதிர்ப்பு செல்லுங்க உள்ள புகுந்து கொழுப்பை முழுங்கி வீங்கி அங்கயே கெடக்கும், ஒரு நாள் மேல் தோலு கிழிஞ்சா ரத்தம் உறைஞ்சு ஹார்ட் அட்டாக்.

"இன்ஃப்ளமேஷனை மருந்து குடுத்து குறைச்சா ஹார்ட் அட்டாக் குறையுமா?"ன்னு நேரடியா கேட்டு ஒரு பெரிய ஆராய்ச்சி நடந்துச்சு, 2017-ல முடிவு வந்துச்சு, பேரு கான்டோஸ். ஏற்கனவே ஒரு அட்டாக் வந்து, ஹெச்.எஸ். சி.ஆர்.பி. 2-க்கு மேல இருக்கிற 10,061 பேரு. கனகினுமாப்னு ஒரு ஊசி, அது ஐ.எல்-1 பீட்டாங்கிற ஒரே ஒரு தந்தியை மட்டும் தடுக்கும், கொலஸ்ட்ராலை தொடக்கூட தொடாது. 150 மி.கி. போட்டவங்களுக்கு திரும்ப அட்டாக், ஸ்ட்ரோக் வர்றது சுமார் 15 சதவீதம் குறைஞ்சுது. ஆக கங்கு நெசம்தான், அது இதயத்தை சுடுறதும் நெசம்தான். ஆனா அதே ஆராய்ச்சியில தொற்று வந்து செத்தவங்க எண்ணிக்கை கொஞ்சம் கூடிச்சு, மொத்த சாவு குறையல. ஒரே ஒரு தந்தியை, ஆஸ்பத்திரி கண்காணிப்புல, அளந்து தடுத்ததுக்கே இந்த விலை. எங்கப்பா சந்தையில வாங்கி கண்ணு மூடிக்கிட்டு மொத்த லைனையும் வெட்டிட்டிருந்தாரு.

இன்னொரு மருந்து கதை கேட்டா நம்மூர்க்காரங்களுக்கு சிரிப்பு வரும். கோல்ச்சிசின், 'கவுட்'ங்கிற மூட்டு வீக்க நோய்க்கு ரொம்ப காலமா குடுக்குறது. அதை தினம் 0.5 மி.கி. குடுத்தா இதயத்துக்கு நல்லதுன்னு 2019, 2020-ல ரெண்டு ஆராய்ச்சி சொல்லி, 2023-ல அமெரிக்காவுல அனுமதியும் குடுத்துட்டாங்க, அப்புறம் 2024-ல அட்டாக் வந்த புதுசுலயே குடுத்து பாத்த பெரிய ஆராய்ச்சியில பலன் ஒண்ணும் தெரியல. அந்த கோல்ச்சிசின் எதுலருந்து வருதுன்னா செங்காந்தள் விதையிலருந்தும் எடுக்குறாங்க, நம்ம மாநிலப் பூ, கண்வலிக்கிழங்குன்னு திண்டுக்கல், திருப்பூர் பக்கம் ஏக்கர் கணக்குல போட்டு விதைய ஏத்துமதி பண்றாங்க. இதை எழுதும்போதே பயமா இருக்கு, யாராவது வேலியில இருக்கிற கிழங்கை புடுங்கி அரைச்சுருவாங்களோன்னு. ஐயா சாமி, அந்த கிழங்கு விஷம், அதை தின்னு செத்தவங்க நம்ம ஊர்ல எவ்ளோ பேரு.

மஞ்சளையும் சொல்லிடறேன், இல்லன்னா கமெண்ட்ல கேப்பீங்க. குழம்புக்கு போடுற மஞ்சள் போடுங்க, நல்லது. ஆனா அதுல இருக்கிற குர்க்குமின் குடல்ல சரியா ஏறவே ஏறாது, அதை ஏத்துறதுக்குன்னு மிளகு சத்து சேத்து கேப்சூலா விக்குறாங்க, அதை சாப்ட்டு கல்லீரல் வீங்குன கேஸ் இத்தாலியிலயும் அமெரிக்காவுலயும் பதிவாயிருக்கு. எங்க பெரியப்பா மாசம் ஆயிரத்து சொச்சம் குடுத்து வாங்குறாரு, அவருகிட்ட வாதாடி எனக்கு தெம்பில்ல.

சரி, டாக்டர் ஏன் பல்லை கேட்டாரு? ஈறுல சீழ் வெச்சு வருஷக்கணக்கா கெடந்தா, அது பாக்க சின்ன எடம்தான், ஆனா எல்லா பல்லை சுத்தியும் சேத்து பாத்தா நல்ல பெரிய ஆறாத புண்ணு. கையில அந்த சைஸ்ல புண்ணு இருந்தா சும்மா விடுவோமா? வாய்க்குள்ள இருக்கிறதால விட்டுட்டோம். தண்ணி கதையும் இருக்கு, எங்கூர்ல இல்லாம எப்படி இருக்கும். "சின்ன வயசுல எந்த தண்ணி குடிச்சீங்க?"ன்னு டாக்டர் கேட்டாரு, தர்மபுரி, கிருஷ்ணகிரியில வேலை பாக்குற டாக்டர் அதை கேக்கலன்னா அவரு புதுசா வந்தவருன்னு அர்த்தம். போர்வெல், வேற என்ன. லிட்டருக்கு 1.5 மி.கி.க்கு மேல ஃப்ளோரைடு இருந்தாலே ஆகாது, எங்க ஏரியாவுல அதை விட கூடுதலா இருந்த கெணறு, போர் எத்தனையோ. எங்க வயசு பசங்க பல்லெல்லாம் காவி கலர்ல இருக்கும், போட்டோவுக்கு வாயை மூடித்தான் சிரிப்போம். ஒகேனக்கல் தண்ணி 2013-லதான் வந்துச்சு, ஜப்பான் கடன்ல, சுமார் 1,900 கோடி செலவுல. அதுக்குள்ள அப்பாவுக்கு அறுபது நெருங்கிடுச்சு. எக்ஸ்ரேல முதுகெலும்பை பாத்துட்டு தேய்மானமும் இருக்கு, ஃப்ளோரைடும் கொஞ்சம் வேலைய காட்டியிருக்குன்னாரு. அந்த வலிய எந்த சி.ஆர்.பி.யும் காட்டாது, எந்த பொடியும் கரைக்காது.

போன வருஷம் வந்த ஒரு ஆராய்ச்சிய பத்தி யோசிச்சுட்டே இருக்கேன். இத்தாலி, சிங்கப்பூர் ஆளுங்களையும், பொலிவியா காட்டுல இருக்கிற ச்சிமானே மக்கள், மலேசியாவோட ஓராங் அஸ்லி மக்களையும் வெச்சு 2025-ல ஒப்பிட்டு பாத்திருக்காங்க. ச்சிமானேக்கு குடல் புழு, தொற்றுன்னு ரத்தத்துல இன்ஃப்ளமேஷன் அளவு நல்லாவே இருக்கு, ஆனா அது இத்தாலிக்காரங்களுக்கு ஏறுற மாதிரி வயசோட ஏறல, சுகர், இதய நோயோட ஒட்டவும் இல்ல. வயசானாலே கங்கு எரியணும்னு விதி இல்ல போலருக்கு, நாம வாழுற வாழ்க்கைதான் விறகு போடுது போல. எனக்கு ஆயா ஞாபகம் வந்துச்சு. காலு நிறைய முள்ளு குத்துன புண்ணு, வருஷத்துக்கு ரெண்டு தடவ குளிர் காய்ச்சல், தலைச்சுமையா பாலக்கோடு சந்தைக்கு நடை, ராகிக்களியும் கொள்ளு கடைசலும், தொண்ணூறு தாண்டி போச்சு, முட்டி வலின்னு ஒரு நாளும் சொன்னதில்ல. அதுக்காக அந்த காலம் பொற்காலம்னு நான் சொல்லமாட்டேன், ஆயா பெத்தது ஒம்போது, தங்குனது நாலு. தகடூர் (அதான் இன்னைக்கு தர்மபுரி) அதியமான் அவ்வைக்கு குடுத்த நெல்லிக்கா யாருக்கும் திரும்ப கெடைக்கல, எங்கூர் பஸ் ஸ்டாண்டுல உப்பு மொளகாப்பொடி தூவி பத்து ரூபாய்க்கு விக்கிறது வேற நெல்லிக்கா.

இப்ப நிலவரம். ஸ்டீராய்டு முழுசா நின்னு நாலு மாசம் ஆகுது, கார்டிசால் 9-க்கு வந்துருச்சு. குறைக்க ஆரம்பிச்சப்ப வலி பழையபடி வந்து அப்பா ரெண்டு வாரம் யார்கூடவும் பேசல, பொடிய எங்கயாவது ஒளிச்சு வெச்சிருக்கியான்னு அம்மாவை ரகசியமா கேட்டிருக்காரு. பல்லு டாக்டர்கிட்ட மூணு தடவ போயி கிளீனிங், ரெண்டு பல்லு புடுங்கியாச்சு. பிசியோ சொல்லிக்குடுத்த தொடை பயிற்சிய கட்டில்ல உக்காந்து செய்யுறாரு, ஏரிக்கரை வரைக்கும் நடக்குறாரு, அங்க டீக்கடையில ரெண்டு போண்டா சாப்புடுறாருன்னு தம்பி துப்பு குடுத்திருக்கான். எடை ஆறு கிலோ குறைஞ்சிருக்கு, சுகருக்கு மாத்திரை ஓடுது. கடைசியா எடுத்த ஹெச்.எஸ். சி.ஆர்.பி. 3.4. கொட்டை எழுத்துலதான் வந்துச்சு, அந்த 0.4-ஐ விட இதை பாத்தப்ப எனக்கு நிம்மதியா இருந்துச்சு.

திரும்ப எடுக்கலாம்னு போன ஞாயித்துக்கிழமை ட்யூபோட போனேன், அப்பா துண்டை தலையில கட்டிக்கிட்டு மூக்கை உறிஞ்சிட்டு உக்காந்திருக்காரு, நல்ல சளி. இப்ப எடுத்தா நம்பர் கண்டபடி வரும், ரெண்டு வாரம் கழிச்சு எடுக்குறேன்னேன். முழுக்கை சட்டைய சுருட்டி கையை நீட்டிட்டு இருந்தவரு என்னை ஏற இறங்க பாத்தாரு.

"ஊர்ல இருக்கிறவனுக்கெல்லாம் அன்னைக்கே குத்தி அன்னைக்கே சொல்ற. பெத்த அப்பனுக்கு மட்டும் வாய்தாவா?"